அதே பட்டன், வேறு ஆட்டம்: வீடியோ கேம்களின் இரண்டாம் பாகம் ஏன் அந்நியமாகத் தெரிகிறது?

பிடித்த கேம் ஒன்றின் இரண்டாம் பாகத்தை ஆசையாக வாங்கி ஆடியவர்களிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நல்லாத்தான் இருக்கு, ஆனா அது மாதிரி இல்ல." எது எது மாதிரி இல்லை என்று மேலே கேட்டால் சொல்லத் தெரியாது. படம் தெளிவாகியிருக்கிறது. உலகம் பெரிதாகியிருக்கிறது. முதல் பாகத்தில் குறை சொன்ன பலவற்றைச் சரிசெய்திருக்கிறார்கள். ஆனாலும் ஏதோ ஒட்டவில்லை.

இதற்கு உடனே கிடைக்கும் விளக்கம், "அப்ப உன் வயசு அப்படி, இப்ப நீ மாறிட்ட" என்பது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு, பின்னால் வருகிறேன். ஆனால் அதையே முழு விளக்கமாகச் சொல்லி ஆளை அனுப்பிவிடுவது நியாயமில்லை. அந்த அந்நியத்தன்மைக்குப் பெரும்பாலும் கேமுக்குள்ளேயே காரணம் இருக்கிறது, தேடினால் விரல் வைத்துக் காட்டவும் முடியும். என் கணிப்பு இது: ஒரு கேமை அந்த கேமாக ஆக்கிய விஷயங்களில் பாதியை அதை உருவாக்கியவர்களே எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். இரண்டாம் பாகம் செய்ய உட்காரும்போது எழுதி வைத்தது பத்திரமாக வந்து சேர்கிறது. எழுதாதது வழியிலேயே விழுந்துவிடுகிறது.

மிகச் சிறிய எண் ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஹேலோ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் தொடரில் துப்பாக்கிகளின் வலுவைச் சீர்செய்தவர்களில் ஒருவர் ஜேமி கிரீஸ்மர். 2010-இல் நடந்த கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் அவர் ஓர் உரை முழுவதையும் ஒரே ஒரு மாற்றத்துக்காக ஒதுக்கினார். ஹேலோ 3-இல் ஸ்னைப்பர் துப்பாக்கியின் ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவிலுள்ள நேரத்தை 0.5 விநாடியிலிருந்து 0.7 விநாடியாக மாற்றியதுதான் அது. ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. திரையில் பார்த்தால் தெரியாது. ஆனால் இரண்டாவது குண்டுக்கு விரல் தானாக அழுத்தும் நேரத்தில் துப்பாக்கி இன்னும் தயாராகவில்லை என்றால், ஆடுபவருக்கு அது உடனே தெரிந்துவிடும். "துப்பாக்கி கனமா இருக்கு" என்பார். துப்பாக்கிக்கு எடை என்று ஒன்று அங்கே கிடையாது. அந்த 0.2 விநாடியைத்தான் அவர் கை எடையாக உணர்கிறது.

ஓடிக் குதிக்கும் கேம்களில் இது இன்னும் நுட்பமானது. 2018-இல் வந்த செலஸ்ட் கேமில் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் 0.1 விநாடி வரை குதிக்கலாம். தாமதமாக அழுத்தியவரையும் கேம் சத்தமில்லாமல் மன்னித்துவிடுகிறது. முதல் சூப்பர் மரியோ பிரதர்ஸில் குதிக்கும் பட்டனை எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறோமோ அவ்வளவு உயரம் போகிறார் மரியோ. பட்டனைப் பிடித்திருக்கும் வரை ஈர்ப்பு விசை குறைவு, விட்டதும் கூடுகிறது. ஆடுபவர் யாரும் இதைக் கணக்குப் போட்டுக் கற்பதில்லை. விரல்கள் கற்றுக்கொள்கின்றன. ஆயிரம் தடவை குதித்த பிறகு, எந்த இடைவெளியைத் தாண்டலாம், எதைத் தாண்ட முடியாது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. இப்போது அடுத்த பாகம் வருகிறது. ஈர்ப்பு கொஞ்சம் மாறியிருக்கிறது, மன்னிக்கும் நேரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பட்டன் அதே, ஆள் அதே, உடை அதே. கை மட்டும் பொய் சொல்ல ஆரம்பிக்கிறது. புதிய கேம் என்றால் பொறுமையாகக் கற்றிருப்போம். பழைய கேமின் முகத்தோடு வருவதால்தான் ஒவ்வொரு தவறும் எரிச்சலாகிறது.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்ல உதாரணம் ஹாலோ நைட். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்ற சிறு குழு 2017-இல் வெளியிட்டது. அதன் அடுத்த பாகமான சில்க்சாங் 2025 செப்டம்பர் 4 அன்று வந்தது. முதல் பாகத்துக்கான கூடுதல் பகுதியாகத் தொடங்கி, வளர்ந்து தனி கேமானது அது. குழு அதே, ஓவியப் பாணி அதே, பூச்சிகளின் உலகம் அதே. ஆனால் முதல் பாகத்தைக் கரைத்துக் குடித்தவர்களே முதல் சில மணி நேரம் தடுமாறினார்கள்.

காரணங்களில் ஒன்று ஒரு கோணம். முதல் பாகத்தில் நாம் ஆடும் நாயகனான நைட் காற்றில் இருக்கும்போது கீழ்நோக்கி வெட்டினால் வாள் நேர் கீழே இறங்கும். எதிரி மீதோ முள் மீதோ பட்டால் பந்து போல மேலே எம்பலாம். ஆட்டக்காரர்கள் இதை போகோ என்பார்கள். எதிரியின் தலைக்கு நேர் மேலே வந்தால் போதும், வெட்டிக்கொண்டே அங்கேயே நிற்கலாம். சில்க்சாங்கின் நாயகி ஹார்னெட் ஆரம்பத்தில் நேர் கீழே வெட்டுவதில்லை, சாய்வாகப் பாய்கிறாள். அப்படியானால் எதிரிக்கு மேலே இருக்கக் கூடாது, மேலேயும் கொஞ்சம் பின்னாலும் இருக்க வேண்டும். பட்ட பிறகு எம்பும்போதும் முன்னால் நகர்ந்திருப்போம், அடுத்த பாய்ச்சலுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். ஹண்டர்ஸ் மார்ச் பகுதியில் சிவப்பு மொட்டுகள் மேல் பாய்ந்து பாய்ந்து போக வேண்டிய இடங்களில் இது அப்பட்டமாகத் தெரியும். முதல் பாகத்தில் நூறு மணி நேரம் பழகிய கை ஒவ்வொரு தடவையும் மொட்டுக்கு நேர் மேலே வந்து நிற்கிறது, கீழே விழுகிறது. ஹாலோ நைட்டைத் தொட்டே பார்க்காதவருக்கு இந்த இடம் ஒப்பீட்டளவில் எளிது, அவருக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை.

இரண்டாவது காரணம் ஒரு கணக்கு. இரண்டு பாகங்களிலும் உயிரை முகமூடிகளால் அளக்கிறார்கள், ஐந்து முகமூடிகளில் தொடங்குகிறது. முதல் பாகத்தில் பெரும்பாலான அடி ஒரு முகமூடியைப் பறிக்கும், ஒரு தடவை குணப்படுத்திக்கொண்டால் ஒரு முகமூடி திரும்ப வரும். அடிக்கு அடி சரியாகிவிடும். சில்க்சாங்கில் ஹார்னெட் ஒரே மூச்சில் மூன்று முகமூடிகளைத் திரும்பப் பெறுகிறாள், காற்றில் இருக்கும்போதுகூட. கேட்கத் தாராளமாக இருக்கிறது. ஆனால் பல எதிரிகளின் அடி இரண்டு முகமூடிகளைக் கொண்டுபோகிறது. மூன்றை இரண்டால் வகுத்தால் ஒரு குணப்படுத்தல் ஒன்றரை அடிக்குத்தான் சமம். அதற்கு ஆரம்பத்தில் கையிலிருக்கும் பட்டு இழை முழுவதும், அதாவது ஒன்பது துண்டுகளும், செலவாகிவிடும். இரண்டு அடி வாங்கினால் ஒன்றுதான் மிச்சம். முதல் பாகத்தில் அடி வாங்கிய உடனே சற்று ஒதுங்கி ஒரு முகமூடியைத் தேற்றிக்கொள்ளும் பழக்கம் இங்கே செல்லாது. பொறுத்துப் பொறுத்து, ஒரே சமயத்தில் பெரிதாக எடுக்க வேண்டும். "ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று பலர் சொன்னதற்குப் பின்னால் இருந்தது வெறும் கடினம் அல்ல, இந்தத் தாளமாற்றம். பின்னால் போகப் போக, பழைய நைட்டைப் போலவே நேர் கீழே வெட்ட வைக்கும், சண்டை முறையையே மாற்றும் வாண்டரர் என்ற சின்னமும் கிடைக்கிறது. பழகிய கைகளை உருவாக்கியவர்கள் மறந்துவிடவில்லை. ஆனால் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் முன், புதிய உடலைக் கற்கச் சொல்கிறார்கள். எனக்கு இது சரியென்றே படுகிறது. ஹார்னெட் நைட் அல்ல. முதல் பாகத்தில் எதிரியாக அவளோடு மோதியவர்களுக்கு அவள் எப்படிச் சண்டையிடுவாள் என்று தெரியும். இப்போது அந்த வேகம் நம் கையில் வந்திருக்கிறது.

சில்க்சாங்கில் மாற்றம் தெரிந்து செய்தது. எழுதாத விதி தவறி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் என்ற சண்டை கேம் தொடரைப் பார்க்க வேண்டும். 2001-இல் கேம்கியூப் கன்சோலுக்கு மெலீ வந்தது, 2008-இல் வீ கன்சோலுக்கு பிரால் வந்தது. இரண்டுக்கும் இயக்குநர் மசாஹிரோ சகுராய்தான். "ஆள் மாறியதால் கேம் மாறியது" என்ற வாதம் இங்கே எடுபடாது.

மெலீயில் காற்றில் இருக்கும்போது அடியைத் தவிர்க்க ஒரு பக்கமாகப் பாய்ந்து விலகலாம். ஒரே தடவைதான், அதன்பின் தரையில் விழும் வரை ஒன்றும் செய்ய முடியாது. ஆட்டக்காரர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். குதித்த உடனேயே சாய்வாகத் தரையை நோக்கி விலகினால், அந்த வேகம் தரையில் சறுக்கலாக மாறுகிறது. நின்ற நிலையிலேயே வழுக்கி முன்னும் பின்னும் போகலாம், சறுக்கும்போதே அடிக்கலாம். இதற்கு வேவ்டேஷ் என்று பெயர் வந்தது. அது கேமின் குறிப்பேட்டில் இருக்கும் அசைவு அல்ல. விலகுதலின் விதியும் தரையில் வழுக்கும் விதியும் சேர்ந்தபோது பிறந்தது. போட்டிகளில் மெலீயின் வேகத்துக்கு அடித்தளம் இதுவும், தரையிறங்கும் நொடியில் பட்டனை அழுத்தித் தடுமாற்ற நேரத்தைப் பாதியாகக் குறைக்கும் உத்தியும்தான்.

பிராலில் விலகுதலின் விதி மாறியது. திசை கிடையாது, போகும் போக்கிலேயே உடல் அடி படாத நிலைக்குப் போகும், திரும்பத் திரும்பச் செய்யலாம். புதிதாக ஆடுபவருக்கு இது நல்ல மாற்றம்: தவறுதலாக விலகிப் பள்ளத்தில் விழுந்து சாக வேண்டியதில்லை. ஆனால் திசை போனதும் சறுக்கல் போனது. சறுக்கல் போனதும் நெருங்கிச் சண்டையிடும் முறையே போனது. தரையிறங்கும் உத்தியும் இல்லை. போதாக்குறைக்கு, ஓடத் தொடங்கும்போது சில நேரம் காரணமே இல்லாமல் தடுக்கி விழும்படி ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அடிக்கடி ஓட்டமெடுப்பவருக்குத்தான் அது அதிகம் நடக்கும். மெலீ திறமைசாலிகளின் கேமாகச் சுருங்கிவிட்டது என்ற கவலை சகுராய்க்கு இருந்தது. எல்லோரும் ஆட வேண்டும் என்ற அந்த நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ஒரு விதியைத் தளர்த்தியதில் எத்தனை விஷயங்கள் சேர்ந்து சரிந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். ரசிகர்கள் பிராலை உள்ளே திறந்து மெலீயின் அசைவுகளைத் திரும்ப வைத்து புராஜெக்ட் எம் என்ற மாற்று வடிவத்தையே உருவாக்கினார்கள். 2013-இல், வெளியாகிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், பெரிய சண்டைப் போட்டியான ஈவோவில் மெலீ ஆடப்பட்டது.

இன்ஜின், அதாவது கேமை உள்ளிருந்து இயக்கும் அடிப்படை மென்பொருள், மாறும் கதை வேறு வகை. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ (ஜிடிஏ) வரிசையில் வைஸ் சிட்டியும் சான் ஆண்ட்ரியாஸும் பலரின் பால்ய நினைவு. அவை ரெண்டர்வேர் என்ற இன்ஜினில் செய்யப்பட்டவை. அந்த இன்ஜினின் சொந்தக்காரரான கிரைட்டீரியனை 2004-இல் ராக்ஸ்டாரின் போட்டியாளரான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கிவிட்டது. ராக்ஸ்டார் சொந்தமாக ரேஜ் என்ற இன்ஜினைக் கட்டியது. 2008-இல் வந்த நான்காம் பாகம் அதில் ஓடியது, கூடவே உடல் அசைவுகளுக்கு யூஃபோரியா என்ற மென்பொருளையும் சேர்த்துக்கொண்டது.

சான் ஆண்ட்ரியாஸில் நாயகன் சிஜேயைத் திருப்பினால் பொம்மை போல அந்த நொடியே திரும்புவார். காரை வேகமாக வளைத்தால் தரையோடு ஒட்டிக்கொண்டு வளையும். நான்காம் பாகத்தின் நாயகன் நீக்கோவுக்கு உடல் எடை இருக்கிறது; திரும்ப ஓர் அடி எடுத்து வைத்து, சின்ன வளைவு போட்டுத் திரும்புவார். வளைவில் கார் ஒரு பக்கம் சாய்ந்து குலுங்கும், பிரேக் அடித்தால் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். கார் மோதிக் கண்ணாடி வழியே தூக்கி எறியப்படும்போது அவர் விழுவது முன்கூட்டி வரைந்த அசைவு அல்ல, அப்போதைக்கு அப்போது கணக்கிடப்படுவது. எடை என்ற ஒன்று கேமுக்குள் வந்த பிறகு பழைய கோமாளித்தனம் பொருந்தாமல் போனது. ஜிம், உடல் பருமன், ஓட்டிப் பறக்கும் விமானங்கள் எல்லாம் காணாமல் போயின. பலர் இதைக் கதை இருண்டுவிட்டது என்று சொன்னார்கள். கதைக்கு முன்னால் காரின் ஸ்பிரிங்குகளே இருண்டுவிட்டன என்பேன். 2013-இல் ஐந்தாம் பாகத்தில் காரை மறுபடி இலகுவாக்கினார்கள், விமானமும் பாராசூட்டும் திரும்பின. அதை "பழைய ஜிடிஏ திரும்பி வந்துடுச்சு" என்று சொன்னவர்களின் காதில் விழுந்தது கதையின் குரல் மட்டும் அல்ல.

சில நேரம் காரணம் வெறும் நினைவகம்தான். 2000-இல் கணினிக்கு வந்த டியஸ் எக்ஸ், லிபர்ட்டி தீவில் தொடங்கும். தீவு முழுவதும் திறந்து கிடக்கும், எந்தப் பக்கம் போய் எப்படி நுழைவது என்று நாமே முடிவு செய்யலாம். 2003-இல் வந்த அதன் இரண்டாம் பாகமான இன்விசிபிள் வார், எக்ஸ்பாக்ஸ் கன்சோலிலும் ஓட வேண்டியிருந்தது. அந்தக் கன்சோலில் மொத்தமே 64 எம்பி நினைவகம். இடங்களைத் துண்டு துண்டாக நறுக்க வேண்டி வந்தது, கொஞ்சம் நடந்தால் லோடிங் திரை. எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே குண்டு என்று எளிமையாக்கியதை ரசிகர்கள் அதிகம் திட்டினார்கள். எனக்கு அந்த லோடிங் திரைதான் பெரிய இழப்பு. தூரத்தில் ஒரு கட்டடத்தைப் பார்த்து, அதை எப்படிப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டே நடக்கும் அந்த நேரம்தான் முதல் பாகத்தின் உயிர். அது 64 எம்பிக்குள் அடங்கவில்லை.

இடத்தைப் பற்றிப் பேசினால் டார்க் சோல்ஸைத் தாண்டிப் போக முடியாது. 2011-இன் முதல் பாகத்தில், கேமின் பாதி வரை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும் வசதி இல்லை. எல்லாம் நடைதான். அதனால்தான் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு லிஃப்ட்டைக் கண்டுபிடித்து அதில் இறங்கும்போது, அது நாம் கிளம்பிய ஃபயர்லிங்க் கோயிலிலேயே போய் நிற்பதைப் பார்த்து மனம் துள்ளுகிறது. இவ்வளவு நேரம் சுற்றி வந்த உலகம் ஒரே மலையில் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டது என்று அந்த நொடியில் புரிகிறது. இரண்டாம் பாகம் 2014-இல் வந்தது. முதல் பாகத்தை இயக்கிய ஹிடெடாகா மியாசாகி அப்போது பிளட்போர்ன் என்ற வேறு கேமின் வேலையில் இருந்தார், இதற்கு மேற்பார்வை மட்டுமே. இங்கே முதலிலிருந்தே ஓய்வெடுக்கும் ஒரு நெருப்பிலிருந்து இன்னொரு நெருப்புக்குத் தாவலாம். தாவ முடியும் என்றால் உலகம் ஒன்றோடொன்று பின்னியிருக்க வேண்டிய அவசியமே இல்லை, அது தனித்தனிக் கிளைகளாக நீண்டுவிட்டது. எர்த்தன் பீக் என்ற காற்றாலையின் உச்சிக்குப் போய் லிஃப்ட்டில் இன்னும் மேலே ஏறினால், எரிமலைக் குழம்பில் மிதக்கும் இரும்புக் கோட்டை வருகிறது. வெளியே நின்று பார்த்தபோது அந்தக் காற்றாலைக்கு மேலே வெறும் வானம்தான் இருந்தது. ரசிகர்கள் இன்றும் இந்த லிஃப்ட்டைச் சொல்லிக் காட்டுகிறார்கள். ஒரு புவியியல் பிழைக்காக இவ்வளவு வருத்தம் எதற்கு என்று தோன்றலாம். முதல் பாகம் அவர்களுக்கு லிஃப்ட்டை நம்பக் கற்றுக்கொடுத்திருந்தது, அதுதான் விஷயம்.

(கணினியில் அதே இரண்டாம் பாகத்துக்கு இன்னொரு விநோதமும் நேர்ந்தது. விநாடிக்கு 60 ஃபிரேமில் ஓடும்போது ஆயுதங்கள் இரு மடங்கு வேகமாகத் தேய்ந்தன. தேய்மானக் கணக்கு ஃபிரேமோடு கட்டப்பட்டிருந்தது. 2015-இல் திருத்தினார்கள்.)

இதற்கு நேர் எதிரான உதாரணமும் ஒன்று உண்டு, என் கணக்கில் எல்லாவற்றிலும் அழகானது. 1998-இல் ஸெல்டா தொடரின் ஒகரினா ஆஃப் டைம் வந்த பிறகு, அதே இன்ஜினையும் அதே உருவங்களையும் வைத்துக்கொண்டு ஏறத்தாழ ஓராண்டில் புதிய ஸெல்டா ஒன்றை எய்ஜி அவோனுமாவின் குழு செய்தது. 2000-இல் மஜோராஸ் மாஸ்க் வந்தது. வாள் வீச்சு, குறி வைக்கும் முறை, குதிரை, முகங்கள்கூட அதேதான். கை அதிகம் தடுமாறாது. ஆனால் மனம் தடுமாறும். மூன்று நாளில் நிலா விழுந்து ஊர் அழியப் போகிறது, கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நேரத்தைப் பின்னோக்கித் திருப்பினால் நாம் உதவிய மனிதர்கள் எல்லோரும் உதவி பெறாதவர்களாகி நிற்கிறார்கள். முதல் பாகத்தில் நிதானமாகச் சுற்றிப் பார்த்த அதே கால்கள் இங்கே எதையோ விட்டுவிட்டு ஓடுவது போலவே ஓடுகின்றன. உணர்வு பட்டனில் மட்டும் இல்லை, கடிகாரத்திலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது.

சரி, நாம் மாறிவிட்டோம் என்ற வாதத்துக்கு வருவோம். அதே ஸெல்டா தொடரில் 2017-இன் பிரெத் ஆஃப் தி வைல்டும் 2023-இன் டியர்ஸ் ஆஃப் தி கிங்டமும் ஒரே ஹைரூல் நிலப்பரப்பில் நடக்கின்றன. இரண்டையும் இயக்கியவர் ஹிடேமாரோ ஃபுஜிபயாஷி. முதல் பாகத்தில் ஒரு மலையைப் பார்த்ததும் எழும் கேள்வி, அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்பது. இரண்டாம் பாகத்தில் அந்தக் கேள்விக்கு நமக்குப் பதில் தெரியும். நூறு மணி நேரம் சுற்றிய ஊர் அது. அதனால்தான் வானத்தில் தீவுகளையும் நிலத்துக்கடியில் இருண்ட பாதாளத்தையும் சேர்த்தார்கள். ஆனால் இதுவும் நினைவு மட்டும் செய்த வேலை அல்ல. கிடைத்த பொருள்களை ஒட்டி வண்டியும் பறக்கும் இயந்திரமும் செய்யும் சக்தியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். முதல் பாகத்தில் மழை பெய்தால் பாறை வழுக்கும், மூச்சு முட்டும், ஒதுங்கி நின்று காத்திருப்போம். இரண்டாம் பாகத்தில் இரண்டு விசிறியும் ஒரு கைப்பிடியும் போதும், மலைக்கு மேலேயே பறந்து போய்விடலாம். மலை தடையாக இருந்தபோது அதற்கு ஒரு முகம் இருந்தது. அந்தச் சக்தியால் வேறு ஓர் இன்பம் பிறந்திருக்கிறது, கட்டிப் பார்க்கும் இன்பம். அதை ரசித்தவர்களும் ஏராளம். தொலைந்துபோக வந்தவருக்கு மட்டும் அது ஏமாற்றம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பேசாமல் எதையும் மாற்றாமலேயே விட்டுவிடலாமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் 1986-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2 கிட்டத்தட்ட முதல் பாகமேதான். தோற்றம் அதே, ஓட்டம் அதே, கூடவே விஷக் காளான், காற்று, கடுமையான இடைவெளிகள். முதல் பாகத்தை முழுதாக முடித்தவர்களுக்கு மட்டுமே எழுதிய தேர்வுத்தாள் அது. அமெரிக்காவுக்கு அப்போது அதை அனுப்பவில்லை. வேறு கதாபாத்திரங்களோடு 1987-இல் வந்திருந்த டோக்கி டோக்கி பேனிக் என்ற கேமை எடுத்து, ஆள்களை மாற்றி, 1988-இல் அங்கே இரண்டாம் பாகமாகக் கொடுத்தார்கள். எதிரியின் தலையில் குதித்தால் அவன் சாக மாட்டான், காய்கறியைப் பிடுங்கி எறிய வேண்டும். மரியோவே அல்ல என்று சொல்லத்தக்க கேம். ஆனால் முகமூடி போட்ட ஷை கை, பேர்டோ, காற்றில் சிறிது நேரம் மிதக்கும் இளவரசி எல்லாம் அதிலிருந்து வந்து தொடரிலேயே தங்கிவிட்டன. வித்தியாசமாக இருப்பது மட்டுமே ஒரு குற்றம் ஆகாது.

அப்படியானால் எதைக் குறை சொல்லலாம்? நான் பிரிப்பது இப்படி. 2016-இன் டூமில் குண்டுகள் தாராளமாகக் கிடைத்தன, பிடித்த துப்பாக்கியிலேயே காலத்தை ஓட்டலாம். 2020-இன் டூம் எடர்னலில் குண்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். குண்டு வேண்டுமென்றால் எதிரியை ரம்பத்தால் அறுப்பது, கவசம் வேண்டுமென்றால் நெருப்பு வைப்பது, உயிர் வேண்டுமென்றால் நெருங்கிக் கொல்வது என்று ஓடிக்கொண்டே மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். முதல் பாகத்தின் சுதந்திரத்தை விரும்பியவருக்கு இது பிடிக்காமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு மாற்றமும் இன்னொன்றைத் தாங்கி நிற்கிறது. பத்து மணி நேரத்தில் கை புதிய தாளத்தைப் பிடித்துக்கொள்ளும், பழையது கேட்காது. இப்போது டார்க் சோல்ஸ் 2-ஐ எடுங்கள். உருண்டு அடியைத் தவிர்க்கும்போது எவ்வளவு நேரம் அடி படாது என்பதை அடாப்டபிலிட்டி என்ற புள்ளியோடு கட்டிவிட்டார்கள். ஆரம்பத்தில் அது குறைவு. முதல் பாகத்தில் தப்பித்திருக்கும் அடி இங்கே உடலில் விழும், திரையில் நாம் சரியாகத்தான் உருண்டிருப்போம். தப்பு கையில் இல்லை, புள்ளியில் இருக்கிறது, அதையும் கேம் தெளிவாகச் சொல்வதில்லை. இதற்குப் பழகுவது என்று ஒன்று இல்லை. அந்தப் புள்ளியை ஏற்றி, பழைய உருளலைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்த கேமில் எனக்குப் பிடித்தவை நிறைய இருந்தும், இந்த ஒரு முடிவை என்னால் ஏற்க முடிவதில்லை.

இப்படியெல்லாம் பிரித்துப் பார்க்க முடிவதே, முதல் பாகம் இன்னும் ஆடக்கூடிய நிலையில் இருப்பதால்தான். இணையத்தில் அணியாக ஆடும் ஓவர்வாட்சுக்கு அது நடக்கவில்லை. 2016-இல் வந்த முதல் பாகத்தில் அணிக்கு ஆறு பேர். 2022 அக்டோபரில் இரண்டாம் பாகம் ஐந்து பேராகக் குறைத்தது. அடி வாங்கி முன்னால் நிற்கும் டேங்க் இருவரில் ஒருவரை எடுத்துவிட்டார்கள். ஒரே ஆள் கழிந்தது போலத் தெரியும். ஆனால் இரண்டு டேங்குகள் இருந்தபோது ஒருவர் கேடயம் பிடிக்க இன்னொருவர் பாயலாம். இப்போது ஒருவரே இரண்டும் செய்ய வேண்டும், அவர் விழுந்தால் பின்னால் இருப்பவர்கள் வெட்டவெளியில் நிற்கிறார்கள். இது மேலா கீழா என்று ரசிகர்கள் மாய்ந்து மாய்ந்து விவாதித்தார்கள். ஆனால் இரண்டாம் பாகம் வந்த கையோடு முதல் பாகத்தின் சர்வர்களை மூடிவிட்டதால், பக்கத்தில் வைத்துப் பார்க்க யாரிடமும் பழையது இல்லை. 2024 நவம்பரில் ஆறு பேர் அணியும் முதல் கால விதிகளுமாக ஓவர்வாட்ச் கிளாசிக் என்று ஒன்றை இரண்டாம் பாகத்துக்குள்ளேயே திறந்தார்கள். அதுவும் சில வாரச் சிறப்பு நிகழ்ச்சியாகத்தான். தன் கை சொல்வது சரியா, நினைவு சொல்வது சரியா என்று சோதிக்க விரும்பிய ஆட்டக்காரர் அந்த வாரங்களுக்குள் சோதித்துக்கொள்ள வேண்டியிருந்தது.